பெயர் கூப்பிடுவதற்குள்

ஜமுனாமரத்தூரில் ஒரு புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மனைவி போனில் அழைத்தாள். நாளைக்கு என்று சொல்லியிருந்த செக்கிங்கை இன்றைக்கே வைத்துவிட்டார்களாம். அதிகாரி வந்து உட்கார்ந்தாயிற்றாம்.

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் அகதி முகாமில் மாதாமாதம் நடக்கும் கூத்து இது. பெயரைக் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள். பதிவு போனால் உதவித்தொகை போகும், குடியிருக்கும் அறையும் போகும். இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். நான் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவன், கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு நானும் கள்ளத்தனமாக வந்தவன்தான். எந்த வழியாக வந்தேன் என்று யாராவது சொன்னால் தேவலை.

பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. வீட்டுக்கார அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

"இன்னா தம்பி, இப்டி வெளுத்துப்போய் நிக்கிற? பின்னாடி குந்து, நான் வுட்டுட்டு வர்றேன்."

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஸ்கூட்டர் சாய்ந்து திரும்பியது. விழுந்துவிடுவோம் என்று பயமில்லை. வரிசை எவ்வளவு நகர்ந்திருக்குமோ என்றுதான் பயம்.

எங்கள் முகாமில் ஒரு பழக்கம் உண்டு. வர வேண்டியவன் வந்து சேராவிட்டால் வரிசை நகரவே நகராது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் பெயிண்ட் கையோடு ஓடி நுழைந்தபோது, என் பெயருக்கு முந்தின பெயர்க்காரரான பக்கத்து வீட்டுப் பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கண்ணாடிய விட்டிட்டு வந்திட்டன் ஐயா, கொஞ்சம் பொறுங்கோ."

கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு என் பெயரைக் கூப்பிட்டார். நானும் போட்டேன். உயிர் வந்தது.

வெளியே காத்திருந்த அக்காவுக்கும் ஒரே சந்தோஷம். "வெள்ளிக்கெழம வூடு குடி போறோம். பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து தங்கிட்டுத்தான் போவணும், ஆமா."

முகாமுக்கு வெளியே இரவு தங்க அதிகாரியின் அனுமதி வேண்டும். திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ மட்டும் போய்ட்டு வா. குடும்பம் இங்கயே இருக்கட்டும். அப்பதான் நீ திரும்பி வருவ."

உடம்பெல்லாம் எரிந்தது. "சரிங்க சார்" என்றேன்.