பெயிண்ட் அடிக்காத டேங்க்

இந்த ஊரில் அடிபட்ட வண்டியை அடிபட்ட கோலத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். ரங்கூனிலிருந்து என்னைப் போலவே கப்பலேறி வந்து, தமிழ்நாட்டில் எங்கெங்கோ ஒதுங்கிக் கிடக்கும் நம் ஆட்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தருமபுரிக்கு வந்து சில வருடம் கழித்து, பிழைப்பே போக இருந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பாலக்கோட்டுச் சாலையில் தக்காளி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. என் மோட்டார் சைக்கிள் அதில் மோதி, முன் ஃபோர்க் வளைந்து, பெட்ரோல் டேங்க் நசுங்கியது. எனக்கு முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. கடை கடையாகத் தேயிலைத்தூள் போடுவது என் வேலை. வண்டி இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நல்லவேளை, இன்சூரன்ஸ் இருந்தது. வண்டியைக் காதர் பாய் பட்டறையில் விட்டு, "எஸ்டிமேட் எழுதி வைங்க பாய். சேலத்திலேருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்ப்பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சர்வேயர் வருகிற அன்று காலையில் போனால், வண்டி குளித்து முழுகியதுபோல் பளபளவென்று நிற்கிறது! பாய் ஃபோர்க்கை நெருப்பில் காட்டி நிமிர்த்தி, டேங்க்கைத் தட்டிச் சமமாக்கியிருந்தார். தட்டிய இடத்தில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்திருந்தது.

"என்ன பாய், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நசுங்குன வண்டிய வூட்டுப் பொம்பளைங்க பாத்தா பயந்துருவாங்க. அப்புறம் உங்கள ஏறவே வுட மாட்டாங்க. அதாங்க மொதல்ல நிமித்திட்டேன். எஸ்டிமேட்டு எங்க போவுதுங்க, எழுதிக்கலாம்."

ரங்கூனில் அப்பாவின் கடைக்கு எதிரே ஒரு கார் பட்டறை இருந்தது. மோதிய காரை இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்வரை, மழையில் நனைந்தாலும் ஒருவரும் தொடமாட்டார்கள். அதே தெருவில் அப்பாவின் கடையைப் பர்மா சர்க்கார் எடுத்துக்கொண்டபோது மட்டும் எங்களுக்கு என்ன சேதம் என்று பார்க்க யாரும் வரவில்லை. போட்டது போட்டபடி புறப்பட்டோம். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு போவதாக இல்லை.

சர்வேயர் வண்டியைச் சுற்றிவந்தார். "நல்லாத்தானே இருக்கு? எதுக்கு எஸ்டிமேட்டு?"

பாய் என் காதருகே வந்து, "மறுபடி வளைச்சு வுட்டுரட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். பட்ட அடி உண்மை. அதற்குப் பொய் எதற்கு?

சாவியைச் சர்வேயரிடம் நீட்டினேன். "தொப்பூர் கணவாய் வரைக்கும் நீங்களே ஓட்டிட்டு வாங்க சார். ஃபோர்க் தாங்குச்சுன்னா எனக்கு ஒரு பைசா வேண்டாம்."

சர்வேயர் பாயைப் பார்த்தார். பாய் தலையைச் சொறிந்தார். "டவுனுக்குள்ள ஓட்டலாமுங்க. கணவாய் எறக்கத்துல பிரேக்கு புடிச்சா போர்க்கு முறிஞ்சாலும் முறியுமுங்க."

சர்வேயர் சாவியைத் தொடவில்லை. "நான் ஏற மாட்டேம்ப்பா."

"நானும் ஏற மாட்டேன். அதையே எழுதுங்க சார்."

பாய் எஸ்டிமேட் எழுதினார். சர்வேயர் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது, "பர்மாக்காரரு லேசுல விட மாட்டாரு போலிருக்கே" என்று சிரித்தார். "அவரு நம்மூருக்காரருங்க" என்றார் பாய். முந்தின நாள்வரை அவரும் என்னைப் பர்மாக்காரரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புது ஃபோர்க் மாட்டியாயிற்று. டேங்க்கில் தட்டிய இடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பாயை மட்டும் தடுத்துவிட்டேன். ரங்கூனில் என்னைக் 'கலா' என்பார்கள், வெளிநாட்டான் என்று பொருள். இங்கே பர்மாக்காரன். இரண்டு இடத்திலும் அடிபட்டவன் நான், தெரிந்துவிட்டுப் போகட்டும். வெயிலில் அந்த வெறும் தகரம் சுடுகிறது. அதில் முழங்காலை அழுத்திக்கொண்டு, தக்காளி வண்டிகளுக்கு நடுவே பாலக்கோட்டுக்குப் போய்வருகிறேன்.