அவள் வாய்க்கு நான் கொடுத்த குரல்

அவள் இறந்த செய்தி எனக்குக் கொரட்டூர் காய்கறிக் கடையில்தான் தெரிந்தது. கடைக்காரரின் கைபேசியில் ஏதோ ஒரு சேனல் அவள் நடித்த காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. "பாட்டும் பாடும், நடிக்கவும் நடிக்கும். பேசுனா இன்னாமா கீது பாரும்மா அந்தக் கொரலு!" என்று என்னிடமே சொன்னார். அந்தக் குரல் என்னுடையது. அரைக் கிலோ கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் டப்பிங் பேசுகிறவள். திரையில் நடிகை வாயசைப்பாள். இருட்டறையில் மைக் முன் நின்று நான் பேசுவேன். பதினோரு படங்களில் அவளுக்காகப் பேசினேன். பாட்டெல்லாம் அவளே பாடியது, அதில் யாருக்கும் பங்கில்லை. பாடகியாக வந்தவளை, முகமும் நன்றாக இருக்கிறதே என்று நடிக்கக் கூப்பிட்டார்கள். சொந்தக் குரலில் பாடியே பேர் வாங்கியவளைச் சொந்தக் குரலில் பேச மட்டும் விடவில்லை. இந்தத் தொழிலின் கூத்து அப்படி.

காரணம், அவள் அம்பத்தூர்க்காரி. அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். பாடும்போது ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழும். பாடி முடித்துக் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்ததும், "இன்னாக்கா, துன்னுட்டியா? எனக்குப் பசி உயிரு போவுது" என்பாள். கதாநாயகி அப்படிப் பேசினால் தியேட்டரில் சிரிப்பார்கள் என்பது எங்களிடம் எழுதாத சட்டம். நகைச்சுவைக்குத்தான் அந்தப் பேச்சு ஆகும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். எந்த ஊர்க்காரி என்று தெரியாதபடி பேசப் பழகியிருந்தேன், அதனால் என் பிழைப்பு ஓடியது.

பிறகு ஒரு படம் வந்தது. அதில் கதாநாயகி ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பெண். "இதுலயாவது நானே பேசறேன் சார். இது எங்க ஊட்டுப் பேச்சு" என்று இயக்குநரிடம் கேட்டாள். அவள் வாயைத் திறந்து கேட்டதே அதிசயம். இயக்குநர் நல்ல மனிதர். ஒரு காட்சியை அவளையே பேசவைத்துப் பதிவு செய்தார். அவளைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்.

இறந்து கிடக்கும் அம்மாவை மகள் எழுப்புகிற காட்சி. "எந்திரிம்மா, ஊட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான் வசனம். கொஞ்சம் கரகரத்த, அலங்காரமில்லாத குரல். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன்.

"தொழில் தெரிஞ்சவங்க நீங்க, சொல்லுங்கம்மா. சரியா இருக்குன்னா இனிமே எல்லாப் படத்துலயும் அவங்களே பேசட்டும்" என்றார் இயக்குநர்.

அவள் பேச ஆரம்பித்துவிட்டால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

"பாட்டுக்குச் சரி சார். வசனத்துக்கு ஒத்து வராது. மூச்சு நிக்கல" என்றேன். அப்பட்டமான பொய். அவள் மூச்சைக் குறை சொல்ல நான் யார்? இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அந்தப் படத்துக்கும் நானே பேசினேன். அதைவிடக் கேவலம், எப்படிப் பேச வேண்டும் என்று அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஐந்து நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அப்டி இல்லக்கா, இழுக்காத. வெட்டி வுடு" என்று திருத்தினாள். நான் நல்ல மாணவி. படம் வெளிவந்ததும் அந்தப் பேச்சுக்காக அவளைப் பத்திரிகைகள் கொண்டாடின, எனக்கு ஒரு விருது கிடைத்தது. நான் மேடை ஏறியபோது முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டியவள் அவள்தான்.

அதன் பிறகு அவள் வெளியிடங்களில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விழாவில் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசியதும், "இது உங்க வாய்ஸ் இல்லையே!" என்று மாணவர்கள் கத்திச் சிரித்திருக்கிறார்கள். அவளும் சிரித்தபடி ஒரு பாட்டைப் பாடிவிட்டு இறங்கிவிட்டாள். "உட்டுத் தள்ளுக்கா, பசங்கதானே" என்று போனில் என்னிடம் சொன்னாள். நானும் விட்டுத் தள்ளினேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அவள் இறந்த நாலாம் நாள் பூந்தமல்லியில் இருக்கும் அவளுடைய ஃபிளாட்டுக்குப் போனேன். கூட்டமெல்லாம் கலைந்து, மகள் மட்டும் இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். டிவி அணைந்திருந்தது.

"அம்மா பேசற சீனையே போடறாங்க ஆன்ட்டி. அது எங்கம்மா இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

தன் கைபேசியை என் கையில் கொடுத்து, வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பியிருந்த குரல் செய்தி ஒன்றைத் தட்டிவிட்டாள். "கண்ணு, கெளம்பிட்டியா? கொழம்பு கீது, வந்து சூடு பண்ணிக்கோ. மழ வர மாறி கீது, பாத்து வா." பாட்டில் இருந்த அதே சுத்தம் இந்தப் பேச்சிலும் இருந்தது. நான் அழுதுவிட்டேன். திரையில் விரலால் தள்ளத் தள்ள அப்படிப்பட்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

"எவ்ளோ நல்லா கீது, இல்ல? ஏம்மா நீ படத்துல பேசலன்னு கேப்பேன். தொழில் தெரிஞ்ச யாரோ என் கொரல் ஒத்து வராதுன்னு சொல்லிட்டாங்களாம், அவங்க சொன்னா சரியாதான் இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளே சாகும்வரை தெரிந்துகொள்ளவில்லை.

"நான்தான்மா. வேணும்னேதான் சொன்னேன். அவ கொரல்ல ஒரு குறையும் இல்ல" என்றேன்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. என் கையிலிருந்த கைபேசியை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். இன்னொரு செய்தி கேட்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.