பிடாரி ரதத்துக் கல்லில் கை வைத்தபோது

பேய், ஆவி, அருள் என்று யாராவது ஆரம்பித்தால் வேறு வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், இதே கதையை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். கல்பாக்கத்தில் பம்புகளும் மோட்டார்களும் ஓடும்போது எவ்வளவு அதிர்கின்றன என்று பார்ப்பதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. மீட்டரை வைப்பதற்கு முன்னால் உள்ளங்கையை வைத்தாலே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதிர்வு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

எங்கள் ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் இருப்பவனுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேரும், ஊரிலிருந்து எந்த உறவு வந்தாலும் மாமல்லபுரத்தைச் சுற்றிக் காட்டுவது. ஐந்து ரதத்தில் ஆரம்பித்து, கலங்கரை விளக்கத்தில் ஏற்றி இறக்கி, அர்ச்சுனன் தபசில் தவம் செய்கிற பூனையைக் காட்டி, வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுத்து, மாங்காய்ப் பத்தை வாங்கிக் கொடுத்து, கடற்கரைக் கோயிலில் முடிப்பேன். யார் வந்தாலும் இதே வரிசை, இதே பேச்சு.

சாமுவேலையும் அப்படித்தான் கூட்டிப் போனேன். செங்கல்பட்டு ஐடிஐயில் என்னோடு படித்தவன், முப்பது வருட சிநேகிதம். படிப்பை விட்டுவிட்டு வேன் ஓட்டப் போனான். சென்னையிலிருந்து சுற்றுலா வருகிறவர்களை ஈசிஆரில் முட்டுக்காட்டுப் படகுத் துறை, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று ஏற்றி இறக்கியே அவன் வாழ்க்கை போனது. சர்க்கரை நோய் கண்ணுக்குப் போய்விட்டது. ஒரு கண் போய் எட்டு மாதத்தில் இன்னொன்றும் போனது. அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டான்.

ஒரு நாள் அவன் மனைவி மேரி எனக்குப் போன் செய்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியதிலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது.

"அண்ணா, அவுரு பேசறதே சரியில்லண்ணா. நான் பூட்டா உனக்கு பாரம் கொறையும்னு சொல்றாரு. தூக்க மாத்திரைய முழுங்காம சேத்து வச்சிருந்தாரு, நேத்து தலகாணி ஒறையில பாத்து எடுத்தேன், இன்னும் எங்க ஒளிச்சி வச்சிருக்காரோ. நீ எங்கியாவது வெளிய இட்டுகினு போயேன். நீ கூப்ட்டாதான் வருவாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். எங்கே போகலாம் என்று கேட்டேன். அவன் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"மாபலிபுரம் போலாம் மச்சான். ஆயிரம் வாட்டி போயிருக்கேன், பார்க்கிங்க தவிர ஒண்ணும் பாத்ததில்ல. சவாரிய எறக்கி வுட்டுட்டு வண்டியிலயே தூங்குவேன். எங்க போயிடப் போவுது, அப்பால பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவனுக்குக் கண் இல்லை என்பதால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று நினைத்து ஓயாமல் பேசினேன். இதோ யானை, நிஜ யானை அளவு இருக்கும், இதோ குரங்கு பேன் பார்க்கிறது, இதோ கங்கை இறங்குகிறது. அவன் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். வெண்ணெய்க் கல்லுக்குப் போனபோது அவன் பொறுமை தீர்ந்துவிட்டது.

"கொஞ்சம் வாய மூடுறியா? நீ பேசறத கேக்க கேக்க எனக்கு கண்ணு இல்லங்கறதுதான் தெரியிது. போலாம், வூட்டுக்கு உடு."

வீட்டுக்கு விட்டால் அந்த மாத்திரைகளிடம்தானே போவான். எனக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. கூட்டம் இல்லாத இடமாக எங்காவது சற்று உட்காரலாம் என்று ஊருக்கு மேற்கே பிடாரி ரதத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். அங்கே யாரும் வருவதில்லை. மேல் பாகம் கோபுரம் மாதிரி செதுக்கி, கீழ்ப் பாகம் வெறும் பாறையாகவே விட்டுவிட்டுப் போன ரதங்கள். என்ன காரணத்தால் நிறுத்தினார்களோ தெரியவில்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில், பாறை ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு நிழல்.

அவனை அந்த நிழலில் நிறுத்தினேன். அவன் பாறையில் கையை ஊன்றிக்கொண்டான். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன்.

"உள்ள யாரு வேல செய்றாங்க?" என்றான்.

"எதுக்குள்ள? இது பாறைடா, முழுப் பாறை."

"தட்றாங்க மச்சான். கைய வச்சிப் பாரு."

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவன் மனதுக்காக நானும் உள்ளங்கையை வைத்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அந்தக் கல் அதிர்ந்தது. லேசாக, ஆழத்திலிருந்து. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடியும் மூன்று. இருபது வருடமாக மெஷின்களில் கை வைத்தவன் சொல்கிறேன், மெஷினாக இருந்தால் ஒரே சீராக இருக்கும். இதில் ஒரு தட்டு சற்று அழுத்தம், அடுத்தது சற்று தளர்வு, நடுவில் ஒரு தடவை நீளமாக நின்றது, களைத்த ஆள் கையை மாற்றிக்கொள்வதுபோல. அது மனுஷன் அடி.

எனக்குப் பயம் வரவில்லை. காரணம் தேடவேண்டும் என்றுதான் வந்தது. சிற்பப் பட்டறைகளில் யாராவது அடிப்பார்கள், இல்லையென்றால் எங்காவது ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், அது பாறை வழியாக வருகிறது என்று முடிவு கட்டினேன். "இங்கயே நில்லு, நகராதே, இதோ வரேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனேன். பாறையை முழுசாகச் சுற்றினேன். பக்கத்தில் இருந்த இன்னொரு ரதத்தையும் சுற்றினேன். கொஞ்சம் தள்ளி இருந்த குளத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், இங்கே யாராவது கல் அடிக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெயம யாரு அடிக்கப் போறா? ஆடு கீது, நான் கீறேன். வேற யாரும் இல்ல" என்றது.

ரோடு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். எப்படியும் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவனைத் தனியாக விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. கிட்டத்தட்ட ஓடினேன்.

சாமுவேல் விட்ட இடத்திலேயே நின்றிருந்தான். பாறை பக்கம் திரும்பி, வலது கையைத் தோள் உயரத்தில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தான். அந்தக் காலத்துச் சிற்பிகள் பாறையில் முதலில் சதுரம் சதுரமாகப் பள்ளம் போட்டு, அப்புறம் நடுவில் நிற்பதைத் தட்டி எடுப்பார்கள், வேலை முடியாததால் அந்தச் சதுரங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. அவன் கை ஒரு சதுரத்தின் நான்கு பக்கமும் போய், நடுவில் நின்று, அடுத்த சதுரத்துக்குப் போனது. தடவித் தேடுகிற கை மாதிரி இல்லை. முழங்கை சற்றுத் தூக்கியபடி இருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஒரு வருடத்துக்கு அப்புறம் நான் பார்த்த சிரிப்பு.

"போலாமா?" என்றேன்.

"இரு, இந்த வரி முடியட்டும்" என்றான்.

அந்த வரி முடிந்ததும் கையை எடுத்து, தூசியைத் தட்டிக்கொண்டான். நான் அவசரமாகக் கல்லில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த பாறை, அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டினோம். அப்புறம் அவன் தானாகவே ஆரம்பித்தான்.

"காலைலருந்து லொடலொடன்னு பேசிகினே இருந்த பாரு, எனக்கு உன்ன ரெண்டு அற விடலாமான்னு வந்துச்சி. ஆனா கடசியா, இதோ வரேன்னு போயிட்டு ஒடனே திரும்பி வந்து, ஒண்ணுமே பேசாம என் கையப் புடிச்சி காட்டின பாரு, அது போதும் மச்சான். இது கோடு, இது பள்ளம், இத இன்னும் எடுக்கணும், இங்க தப்பா அடிச்சிட்டான்னு ஒவ்வொண்ணா காட்டின. பாதியில வுட்டதுகூட ஒரு வேலதான்னு தோணிச்சி. ஆமா, உன் கட்டவெரலு எப்ப போச்சி? ஒரு கணு இல்லியே. எங்கிட்ட சொல்லவே இல்ல நீ."

ஸ்டியரிங்கில் இருந்த என் இரண்டு கைகளையும் பார்த்தேன். பத்து விரலும் முழுசாக இருந்தன. வண்டி ஒரு கணம் ரோட்டை விட்டு இறங்கிப் புல்லில் உரசியது.

"பழசுடா. வேலையில பட்டது" என்று சொன்னேன்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவன் குரலில் வந்திருந்த உயிரை அணைத்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது இருந்தது. இரண்டு நாள் கழித்து மேரி போன் செய்து அழுதது. ஒளித்து வைத்திருந்த மிச்ச மாத்திரையை எல்லாம் அவனாகவே எடுத்துக் கொடுத்துவிட்டானாம். அடுத்த மாதம் கோல் பிடித்து நடக்கப் பயிற்சிக்குப் போனான். இப்போது செங்கல்பட்டில் ஒரு டிராவல்ஸில் உட்கார்ந்துகொண்டு டிரைவர்களுக்குப் போனில் வழி சொல்கிறான். எந்த ரோட்டில் எந்த வளைவு என்று அவனுக்குத் தெரியாதது இல்லை. சவாரியை இறக்கிவிட்டு வண்டியில் தூங்காதே, நீயும் போய்ப் பார் என்று ஒவ்வொருத்தனுக்கும் சொல்கிறானாம். யாரைப் பார்த்தாலும் என்னைக் காட்டி, "அன்னிக்கு இவன் என் கையப் புடிச்சி காட்டலன்னா நான் இல்ல" என்பான். நான் தலையைக் குனிந்துகொள்வேன். என்னுடையது இல்லாத ஒன்றுக்கு நன்றி வாங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிடாரி ரதத்துக்கு நான் மூன்று தடவை தனியாகப் போயிருக்கிறேன். காலையில் ஒரு தடவை, அதே மூன்று மணிக்கு இரண்டு தடவை. உள்ளங்கை சுடும்வரை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அவனோடு எங்கே போனாலும் என் முழங்கையைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். கையைக் கொடுக்கமாட்டேன். அவனும் கேட்டதில்லை. போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மேரி டீ கொண்டுவந்து வைத்தது. டம்ளரை எடுக்க நான் கையை நீட்டிய நேரம் அவனும் நீட்டினான், என் கையில் அவன் கை பட்டது. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. என் கட்டைவிரலை அடியிலிருந்து நுனிவரை, நகம் வரை, மெதுவாகத் தடவிப் பார்த்தான். அப்புறம் இன்னொரு கையையும் வாங்கி அதையும் பார்த்தான்.

கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

"டீ ஆறுது, குடி" என்றான்.

அதற்கப்புறமும் அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லத்தான் செய்கிறான், ஒரு சொல்கூட மாறாமல். ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "இவன் காட்னான்" என்பான். இப்போது என்னை வைத்துக்கொண்டே, முகத்தை வேறு பக்கம் திருப்பி, "அன்னிக்கு அவுரு காட்னாரு பாரு" என்கிறான்.