எட்டாத சுருதியில் ஒரு ஸ்தோத்திரம்

ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க வந்தவர் அதன் பக்கவாட்டில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி வீட்டிலிருப்பவர்களைப் பேசாமலிருக்கச் சொல்கிறார். வீட்டுக்கார அம்மாள் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்துகிறாள். "கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு. ரிலேதான் மக்கர் பண்ணுது" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் திருப்புளியைத் தேடுகிறார். போன வருடம் வரைக்கும் இந்த இடத்தில் "ஸ்தோத்திரம்" என்ற சொல் தானாக வந்து விழும். பழுது பார்த்து முடித்த பிறகு அல்ல, திருப்புளியைக் கையில் எடுக்கும்போதே. ஓடாத பெட்டிக்கு எதற்கு ஸ்தோத்திரம் என்று கேட்டால், "இனிமே ஓடப் போகுதுல்ல? அதுக்கு அட்வான்ஸ்" என்பார்.

சபையில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சின்னவர்களுக்கு அட்வான்ஸ் அண்ணன், பெரியவர்களுக்கு வெறும் அட்வான்ஸ். ஒல்லியான, நெட்டையான ஆள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையிலும் பையில் டெஸ்டர் செருகியிருக்கும். அது இல்லாவிட்டால் ஏதோ ஒரு விரலை வீட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறதாம். சபை கூடுவது டயர் கடைக்கு மேலே உள்ள ஹாலில். படியேறும்போதே ரப்பர் நெடி மூக்கில் ஏறும். உள்ளே ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

ஆராதனையின் நடுவில் ஸ்தோத்திர நேரம் வரும். நன்றி சொல்ல விரும்புகிறவர் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லி, "கர்த்தர் உண்மையுள்ளவர்" என்று முடித்து, தானே ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். சபை அதைப் பிடித்துக்கொள்ளும். அட்வான்ஸ் எடுக்கிற பாட்டை மட்டும் யாராலும் பிடிக்க முடியாது. கம்ப்ரசரின் முனகலைக்கூடக் கண்டுபிடிக்கிற அந்தக் காதுக்குத் தன் தொண்டை எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே உச்சாணிக் கொம்பில் போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டாம் அடியில் ஆண்கள் இருமுவார்கள். கீபோர்டு வாசிக்கிற பெண் கையைக் கட்டிக்கொள்வாள்.

அப்போது பெண்கள் பக்கம் தூணோரம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, உள்ளங்கையைக் கவிழ்த்து, தூங்காத குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி காற்றில் மெல்ல இறக்குவாள். கூடவே தன் குரலில் பாட்டையும் கீழே கொண்டுவருவாள். அவர் அந்தக் கையைப் பார்த்தபடியே இறங்கி வருவார். அவருக்குப் பின்னால் சபையும் வரும். இத்தனை வருடமும் இப்படித்தான் நடந்தது.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த வாரமே அவர் எழுந்து நின்றார். "என் வீட்டம்மாவுக்கு கர்த்தர் சுகம் குடுத்துட்டார். ஸ்தோத்திரம்!" குடுப்பார் என்று சொல்லவில்லை, குடுத்துட்டார் என்றே சொன்னார். சபையும் ஆமென் போட்டது. முடி கொட்டி, முக்காடு போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த வாரங்களிலும் அதே சாட்சிதான். வாரத்துக்கு வாரம் சத்தம்தான் ஏறியது.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அவள் சொல்வாள்: "ஏங்க, வாங்காத சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க."

"நீ சும்மா வா. விசுவாசம்னா அப்படித்தான்."

"சரி, பாட்டையாவது கொஞ்சம் கீழ எடுங்க. நான் இல்லாத அன்னைக்கு யாரு இறக்குவா?"

அவர் ஹாரனை அடிப்பார். முன்னால் வண்டி எதுவும் இருக்காது.

அந்த வருட முடிவைக்கூட அவள் பார்க்கவில்லை. அடக்கத்தன்று ஒரு பெரியவர் அவர் தோளைப் பிடித்து, "கர்த்தர் உண்மையுள்ளவர், தம்பி" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அன்றைக்கு முள்ளாய் மாட்டிய அந்த வார்த்தை அவர் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை. பொய் சொன்னது யார், கர்த்தரா, நானா? ஃபிரிட்ஜில் காதை வைத்தாலும் அவருக்கு இந்தக் கேள்விதான் கேட்டது. போதகரிடம் போய்க் கேட்கவில்லை. அவர் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஆனாலும் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளை வரிசையாகப் போடுவார். ஸ்தோத்திர நேரம் வந்தால் மட்டும் மெல்ல எழுந்து, பின்பக்கம் உள்ள வாட்டர் கூலரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். "அது நல்லாத்தான் ஓடுதுண்ணே" என்று யாராவது சொன்னால், "இல்ல, ஒரு சத்தம் வருது. பாத்துட்டு வரேன்" என்பார். பிறகு யாரும் கேட்பதில்லை. துக்கத்துக்கு ஒரு மறைவிடம் வேண்டும், அது கூலராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

போன ஞாயிறு, சபைக்குப் புதிதாக வந்த ஓர் இளம் தாய் எழுந்தாள். அவள் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பட்டப்பெயர் அவளுக்குத் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கிற கதை தெரியாது. "இங்க ஒரு அண்ணனை எல்லாரும் அட்வான்ஸ்னு கூப்பிடறாங்க. அவர் மாதிரி நானும் முன்னாடியே சொல்லிடறேன். என் பிள்ளைக்கு சுகம் கெடைச்சிடுச்சு. ஸ்தோத்திரம்."

ஒருவர் வாயிலிருந்தும் ஆமென் வரவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தாள்.

"ஆமென்" என்று கூலர் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அவர் முன்னால் நடந்து வந்தார்.

"கர்த்தர்கிட்ட நல்லா கேளும்மா. கேக்கறத விட்டுடாத. நானும் கேட்டேன், எனக்குக் கெடைக்கல." பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தடவினார். "கெடைச்சிடுச்சுன்னு நான்தான் சொன்னேன். அவர் சொல்லல." டெஸ்டரைத் திரும்பப் பைக்குள் செருகினார். "ஆனா அவளை எனக்குக் குடுத்தது அவர்தான். அதுல பொய் இல்ல. கர்த்தர் உண்மை..."

சொல்லை முடிக்க முடியவில்லை. முடிக்காமலே பாட்டை எடுத்தார். வழக்கம்போல உச்சத்தில் எடுத்தார். இரண்டாம் அடியில் யாரும் இருமவில்லை, யாரும் சேர்ந்து பாடவும் இல்லை. மூன்றாம் அடியில் குரல் உடைந்து நின்றது. கண் பழக்கத்தில் தூணோரம் போனது. அந்த நாற்காலியில் யாருடைய குடையோ கிடந்தது.

அவர் தன் வலது கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கவிழ்த்து, தூங்காத குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, காற்றில் மெல்ல இறக்கினார். பிறகு முதல் அடியிலிருந்து, கீழே, எல்லாருக்கும் எட்டுகிற இடத்தில் ஆரம்பித்தார்.