லாட்டரிக் கடைக்குப் போன பணமும் கர்த்தர் தந்த ஆறு மாதமும்

சென்ற அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, தென்காசியில் ஒரு வங்கியில் என் வெட்கம் என் மகள் முன்னால் வாசிக்கப்பட்டது. சபையாரிடம் இதைச் சொல்ல எட்டு மாதம் தயங்கினேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று. தபால் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். ஞாயிறு காணிக்கையை எண்ணுகிறவர்களில் நானும் ஒருவன். மருமகன் தவறிய பிறகு மகள் எஸ்தரும் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு வாடகை வீட்டில் இருந்தார்கள். சுரண்டையில் பள்ளி ஆசிரியையான அவள், நகைகளை விற்று, காதர் பாயின் வீட்டை வாங்க இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்திருந்தாள். மீதிக்கு வீட்டுக்கடன். அவள் சம்பளம் போதாததால் என் பென்ஷனையும் சேர்த்து மனு கொடுத்தோம். முப்பத்திரண்டு நாளில் பத்திரம் முடியாவிட்டால் முன்பணம் போய்விடும்.

வங்கி அதிகாரி சின்னப் பெண். என் கணக்கு விவரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"சார், ஆறு மாசத்துல நூத்துப் பதினெட்டு தடவ லாட்டரிக் கடைக்குப் பணம் போயிருக்கு."

"எல்லாம் சின்னத் தொகைம்மா."

"தொகைய விடுங்க சார். இந்தப் பழக்கம் இருந்தா தவணை ஒழுங்கா வருமான்னு மேல கேப்பாங்க. ஆறு மாசம் இது இல்லாம கொண்டு வாங்க, மறுபடி பாக்கலாம்."

நடந்தது இதுதான். நம் பக்கம் லாட்டரிக்குத் தடை. எல்லைக்கு அப்பால் தடை இல்லை. குற்றாலத்தில் காலையில் சேர்ந்து குளிக்கும் நாங்கள் ஐந்து பேர். செங்கோட்டை தாண்டி பஸ்ஸில் போய் எல்லாருக்கும் சீட்டு வாங்கி வருவது என் பொறுப்பு. கணக்கில் பிசக மாட்டேன் என்று என்னிடம் விட்டிருந்தார்கள். அவர்கள் கையில் ரொக்கமாகத் தருவார்கள், நான் போனில் கடைக்கு அனுப்புவேன். ஐந்து பேருடைய ஆசையும் என் ஒருவன் கணக்கில் ஏறியிருந்தது. தப்பித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு முறையும் வாங்கினேன். பரிசு விழ வேண்டும் என்று ஜெபமும் செய்தேன்.

வெளியே வந்ததும் எஸ்தர் கேட்டாள். "காணிக்கை எண்ணுத கையாப்பா இது?"

அன்று மதியம் ஆலயத்தில் யாரும் இல்லை. முழங்காலில் நின்றேன். பரிசு கேட்கவில்லை. "ஆண்டவரே, ஆறு மாதம் தாரும். என் பாவத்துக்காக என் பிள்ளை தெருவில் நிற்க வேண்டாம்" என்று மட்டும் அழுதேன். அருவிக்கரை நண்பர்களிடம் இனிப் போகமாட்டேன் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். "ஏலே, கோடி ரூவா விழுந்துட்டுன்னு மறைக்கியோ?"

மூன்றாம் நாள் காதர் பாயிடம் அவகாசம் கேட்கப் புறப்பட்டேன். எப்படிக் கேட்பது என்று பதினோரு விதமாக யோசித்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், அவரே எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. வீட்டுல தம்பிக்கும் பங்கு இருக்கு. சவுதியில இருந்து நேர்ல வந்துதான் கையெழுத்துப் போடுவேங்கான். ஏப்ரல் கடைசியிலதான் லீவாம். ஆறு மாசம் பொறுத்துக்கிடுவீங்களா?"

நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆறு மாதம் என்று நான் கேட்டது கர்த்தரிடம் மட்டும். ஐந்தும் அல்ல, ஏழும் அல்ல. வந்த காரணத்தை நானும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். ஒப்பந்தத்தில் புதிய காலக்கெடுவை அவரே எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த ஆறு மாதம் கடைக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அதே அதிகாரி விவரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு மனுவை மேலே அனுப்பினாள். கடன் வந்தது. காதர் பாயின் தம்பி ஒரு மாத விடுப்பில் வந்தார். இருபத்திரண்டாம் நாள் பத்திரம் பதிவானது.

எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதவன் நான். இந்தக் கிருபைக்கு என்னிடம் கணக்கு இல்லை. வீட்டில் சொல்லாத செலவு உங்களில் யாருக்காவது இருந்தால், இன்றே சொல்லிவிடுங்கள். பிறகு கர்த்தரிடம் கேளுங்கள். நாம் வாய் திறக்கும் முன்னே அடுத்தவர் வாயில் பதிலை வைக்க அவரால் முடியும். நான் கேட்டேன், பார்த்தேன்.