ரசத்தின் மேல் விழுந்த பழி

மதுரையில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் நர்ஸாக இருந்தபோது, ஆஸ்துமாக்காரர்களுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுப்போம். ஒரு பக்கம் சாப்பிட்டது, எதிர்ப்பக்கம் வீசிங் வந்த நாளும் நேரமும். ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டைக் கண்டுபிடிப்பது என் வேலை. கையில் சிவப்புப் பேனா வேறு. கேட்க வேண்டுமா?

தொண்ணூறுகளின் கடைசியில் ஆனையூரிலிருந்து சுந்தரம் என்ற ஜவுளி வியாபாரி வந்தார். சமைக்கிறவருக்குத்தானே தெரியும் என்று நோட்டை அவர் மனைவி மீனாவிடம் கொடுத்தேன். மீனா கடுகு, கறிவேப்பிலை வரை எழுதினார். வீசிங் வந்த நாட்களில் எல்லாம் ரசம் இருந்தது. பேனாவால் புளியை அடித்து, நிறுத்தச் சொன்னேன். பிறகு தக்காளி, பூண்டு, மிளகு. ரசம் வெந்நீரானது. வீசிங் குறையவில்லை.

ஒருநாள் கணவரோடு வந்த மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "என் ரசத்துலதான் அவங்க மகனுக்கு மூச்சு முட்டுதுன்னு எங்க அத்தை தெரு பூராம் சொல்லிட்டாங்க சிஸ்டர். அடுப்படிக்குப் போகவே கூசுது."

எனக்குச் சுருக்கென்றது. நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். வீசிங் வந்ததெல்லாம் புதன்கிழமை.

"புதன்கிழமை என்னண்ணே விசேஷம்?"

"மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போயி வெளியூருக்குப் பார்சல் போடுவேன்."

"அங்க என்ன சாப்பிடுவீங்க?"

சுந்தரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"சிஸ்டர் கேக்குறாங்கல்ல, சொல்லுங்க," என்றார் மீனா.

"கொஞ்சம் இறால் வறுவல்."

"எம்புட்டுண்ணே?" என்றேன்.

"ஒரு பிளேட்டு." விசிறி சிறிது நேரம் சுற்றியது. "ரெண்டு."

"இத ஏண்ணே நோட்டுல எழுதச் சொல்லல?" என்றேன்.

"நீங்க வீட்டுல சமைச்சதத்தான கேட்டீங்க."

அவர் சொன்னது உண்மை. மீனா என் சிவப்புப் பேனாவை வாங்கி, 'இறால், இரண்டு பிளேட்' என்று எழுதி நோட்டைக் கணவரிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க. அத்தைகிட்ட காட்டணும்."

டாக்டர் பரிசோதித்து இறாலை நிறுத்தச் சொன்னார். அடுத்து வந்த புதன்கிழமைகள் அமைதியாகப் போயின. அன்றிலிருந்து சாப்பிடுகிறவர் கையில்தான் நோட்டைக் கொடுத்தேன். 'வீட்டில் என்ன சமையல்' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'வாயில் என்ன போட்டீர்கள்' என்றுதான் கேட்டேன்.

ஒரு மாதம் கழித்து மீனா தூக்குவாளியோடு வந்தார். உள்ளே ரசம். புளி, தக்காளி, பூண்டு, மிளகு என்று நான் அடித்தது ஒன்றுவிடாமல் இருந்தது.

"குடிங்க சிஸ்டர்," என்று எதிரில் நின்றுகொண்டார்.

கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.