மச்சானுக்குப் போட்ட இரண்டு ஊசிகள்

என் மனைவிக்குப் புற்றுநோய் என்று உறுதியானபோது, கீமோ தொடங்க மூன்று வாரம் இருந்தது. மருத்துவர் எங்களிடம் ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்டார். சிகிச்சை ஆரம்பித்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும். வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிறவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மற்றவர்களுக்கு நாலு நாளில் போய்விடும் காய்ச்சல் இவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும் என்றார். அதற்கு மேல் என்ன செய்யும் என்று நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் இருவரும் அன்றே போட்டுக்கொண்டோம். மருத்துவர் சொன்னதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஐந்து வரியில் எழுதிப் போட்டேன். பத்திரிகையில் வேலை பார்த்தவன். யார், என்ன, எப்போது, ஏன் எல்லாம் அந்த ஐந்து வரிக்குள் இருந்தன. பதிலுக்குப் பதினோரு கும்பிடும் கைகள் வந்தன. சூரிய உதயத்தின்மேல் ஒட்டிய ரோஜாப்பூ ஒன்று வந்தது. இஞ்சியும் மிளகும் தட்டிக் குடித்தால் எந்தக் கிருமியும் அண்டாது என்று மூன்று நிமிடக் குரல் பதிவு வந்தது. ஊசி எங்கே போடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நேரில் வந்து பார்ப்பதற்கு மட்டும் அத்தனை பேரும் தயார். எங்கள் மக்களுக்கு அன்பு என்பது கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, ஆளுக்கொரு ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, நோயாளியின் முகத்துக்கு நேராக மூச்சு விடுவது.

மற்றவர்களை ஏதாவது சொல்லித் தடுத்துவிடலாம். தடுக்க முடியாதவர் மச்சான், அவளுடைய அண்ணன். கிள்ளானில் ஆறு லோரி வைத்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் சுங்கை வேயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம்வரை சத்தமாகப் பேசிவிட்டுப் போவார். அவளுக்கும் அது வேண்டும். அவள் பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

அந்த ஞாயிறு பேச்சை எடுத்தேன்.

“அதெல்லாம் ஸ்னோ விழற ஊர்க்காரனுக்கு, மாப்ளே. நமக்கு சீசன்னா டுரியான் பழ சீசன் ஒண்ணுதான்லா.”

“மலேசியாவுல இந்தக் காய்ச்சல் வருசம் பூரா இருக்கு மச்சான். போன மாசம் உங்களுக்கே ஒரு வாரம் குரல் வரல.”

“அது ஏர்கான். புது லோரியில ஏர்கான் ஸ்ட்ராங்கு.”

அவருடைய இடது கையில், தோளிலிருந்து முழங்கைவரை ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது. அதைப் பச்சை குத்த மூன்று நாள் ஆனது என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

“சிங்கம் குத்தினப்ப வலிக்கலையா?”

“அது ஆர்ட்டு மாப்ளே. இது ஊசி.”

ஊசி போடாமல் இனி வீட்டுக்குள் வர வேண்டாம் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தார். “போட்டுக்குங்கண்ணே,” என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு வாசலிலேயே கையை நீட்டிக் காட்டியபடி வந்தார். “போட்டாச்சு. இப்ப திருப்தியா?”

பிளாஸ்திரி முழங்கையின் உள்மடிப்பில் இருந்தது.

தடுப்பூசியைத் தோளுக்குச் சற்றுக் கீழே போடுவார்கள். முழங்கை மடிப்பு ரத்தம் எடுக்கிற இடம். பொய் சொல்வதற்கும் ஒரு அக்கறை வேண்டும், பிளாஸ்திரியைச் சரியான இடத்தில் ஒட்டக்கூட முடியாதா என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் அறைந்தார். கோயில் மண்டபத்தில் நடந்த இலவச மருத்துவ முகாமில் கொடுத்த தாள். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை, முடிவுகள் பத்து நாளில்.

அவர் பொய் சொல்லவில்லை. மண்டபத்தில் நான்கு வரிசை இருந்திருக்கிறது. சின்ன வரிசையில் போய் நின்றிருக்கிறார். எதற்கு என்று கேட்கவில்லை. தாளையும் படிக்கவில்லை.

“கண்ண மூடிக்கிட்டேன் மாப்ளே. குத்துனாங்க. முடிஞ்சதும் மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்தாங்க. ஊசி போடாமலா மைலோ கொடுப்பாங்க?”

என் மனைவி சிரித்தாள். மருத்துவமனைக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் வீணாகியிருந்தது.

திங்கட்கிழமை நானே அவரை பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பழக்கமான கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இந்தத் தடவை தோளில்தான் போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறு லோரிக்கு முதலாளி சுவர்ப் பக்கம் திரும்பி, பல் துலக்கும் முறை பற்றிய சுவரொட்டியை உற்றுப் படித்தார்.

“அங்கிள், கைய லூசா விடுங்க,” என்றார் தாதி.

“மெதுவாம்மா.”

“முடிஞ்சிருச்சு அங்கிள்.”

“இவ்ளோதானா?” என்று என்னை முறைத்தார், நான்தான் இத்தனை நாள் இதை மறைத்து வைத்தவன் மாதிரி.

தாதியும் இரண்டு வாரம் என்றுதான் சொன்னார். கீமோவுக்குப் பத்து நாள் இருந்தது. நடுவில் வந்த ஞாயிறு மச்சானைத் தொலைபேசியோடு நிறுத்தினேன். முதல் கீமோ வியாழக்கிழமை முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் வாசல் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். அன்று பதின்மூன்றாம் நாள்.

“ஒரு நாள் குறையுது மச்சான்.”

“பதிமூணு நாள் வேலை செஞ்ச மருந்து பதினாலாம் நாள்தான் கதவத் தொறக்குமா? என்ன கணக்குலா இது?”

நான் கேட்டைத் திறக்கவில்லை. சத்தம் கேட்டு என் மனைவி துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் வெயிலில் நின்றார். அரை மணி நேரம் கத்திக் கத்திப் பேசினார்கள். யாருடைய லோரி எங்கே பழுதானது என்பது தெருவுக்கே தெரிந்தது. பிறகு அவர் இருமினார். தொண்டையைச் செருமிவிட்டு மறுபடியும் இருமினார்.

“வெயில்ல நிக்காதீங்கண்ணே, வீட்டுக்குப் போங்க,” என்றாள். அவர் போனார்.

உள்ளே வந்து சோபாவில் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “இருமுனாரு, கேட்டீங்களா?” என்றாள்.

“கேட்டேன்.”

“இன்னும் ரெண்டு வாரத்துக்கு வர வேணாம்னு சொல்லிடுங்க.” கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “நீங்க சொல்றதா சொல்லுங்க. நான் சொன்னதா வேணாம்.”

என் பெயரிலேயே எழுதி அனுப்பினேன். அவர் படித்துவிட்டார் என்று திரை காட்டியது. கத்திக் கத்திக் களைத்திருந்தவள் அதற்குள் தூங்கிவிட்டாள்.